கண்ணில் ஒற்றிக்கொண்ட முடிச்சு

வரிசையாக எழுதினால்தான் எனக்கு எழுத வரும். வண்டியூர் மாரித்தாயை நினைத்துக்கொண்டு, நடந்ததை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. 1982 ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, ஜெயிலில் இருக்கும் என் அண்ணனைப் பார்க்க மனுப் போட்டேன்.

2. என் பையில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு முடிச்சு இருந்தது.

3. வாசலில் சோதனை போட்ட பெண் வார்டரிடம், அது குலதெய்வம் கோயில் விபூதி, அவிழ்க்கக் கூடாது என்று சொன்னேன்.

4. அவர் அவிழ்க்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

5. உள்ளே, கம்பி வலைக்கு முன்னால், தலைமை வார்டர் அதை அவிழ்த்தார். இருந்தது கஞ்சா.

6. என் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தப் பெண் வார்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

7. எனக்கு ஒன்றும் தெரியாது என்று போலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிப்பவர்கள் ஐந்தாவதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். எனக்கு இன்றைக்கும் தலை குனிவது நாலாவதை நினைக்கும்போதுதான்.

செவ்வாய்க்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் அக்காமார் பலர், "உனக்கு அம்மன் என்ன செஞ்சா, சொல்லேன்" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். சொல்ல எழுந்தும் உட்கார்ந்துவிட்டேன். நோய் தீர்ந்தது, பிள்ளை பிறந்தது என்று சொல்கிறவர்கள் நடுவில் நின்று இதை எப்படிச் சொல்வது? அதனால் எழுதித் தருகிறேன். யாராவது படியுங்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்குப் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் மாடுதான். அப்பா இறந்த பிறகு அண்ணன் தங்கராசு அவனியாபுரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டான். என்னை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தது அவன்தான். பட்டறையில் எல்லோரிடமும் "எந்தங்கச்சி ரத்தத்தப் பாத்தே ஆளு யாருன்னு சொல்லிப்புடுவா" என்று பீற்றிக்கொள்வானாம். நான் தேர்ச்சி பெற்று ஓர் ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலைக்குப் போன வருஷம், பட்டறையில் நடந்த சண்டையில் கூட வேலை பார்த்தவரை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். அந்த மனிதருக்கு வலது கை விளங்காமல் போனது. அண்ணனுக்கு நாலு வருஷம் தண்டனை. அதில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஜெயிலில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை மதுரையில் மனு பார்ப்பது என்பார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. அக்கம்பக்கத்தில் "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் என்னோடு கிளம்புவாள். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

ஆனி மாதம் போனபோது அண்ணனின் உதடு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, குழாயடியில் வழுக்கிவிட்டது என்றான். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும் இடம் அது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய நேரம் பார்த்து, வலையில் வாயை வைத்து என்னிடம் சொன்னான்: "வேலு ஒரு முடிச்சுக் குடுப்பான் பாப்பா. நம்ம சாமி முடிச்சு. பிரிக்காமக் கொண்டா. அது வந்தாத்தான் இங்க என்னையச் சும்மா விடுவாய்ங்க."

சாமி முடிச்சு வந்தால் ஏன் விடுவார்கள், யார் விடுவார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த உதட்டைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன் என்பதுதான் நிஜம்.

வேலு, அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் வந்து முடிச்சைக் கொடுத்தார். "அண்ணே கையாலதான் அவுக்கணும் தங்கச்சி. நடுவுல யாரு அவுத்தாலும் வேண்டுதல் பலிக்காது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தால், அது நிறைவேறும்வரை நம் வீடுகளில் யாரும் அவிழ்க்க மாட்டோம். பிள்ளைகள்கூடத் தொடாது. அந்த வழக்கத்தைத்தான் வேலு பூட்டாகப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பூட்டை வாசல்வரை கொண்டு போனது நான்.

ஜெயிலுக்குப் போகும் பஸ்ஸில் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு விரலால் அமுக்கிப் பார்த்தேன். விபூதியை அமுக்கினால் பள்ளம் விழும், விழுந்த பள்ளம் அப்படியே நிற்கும். எந்தப் பொடியும் அப்படித்தான். இது அமுக்கியதும் பள்ளமானது, விரலை எடுத்ததும் மெல்ல மேலே எழுந்தது. இன்னொரு முறை அமுக்கினேன். இன்னொரு முறை எழுந்தது. பெயர் ஒட்டாத குப்பியை வாங்காதே, உள்ளே இருப்பதைப் பார்க்காமல் எதையும் எழுதாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அதை நான் மீறியதில்லை. அன்று முடிச்சைப் பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். அம்மாவுக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. அவள் வந்திருந்தால் நடந்திருக்காது என்று பல நாள் நினைத்தேன். அதுவும் ஒரு சாக்குத்தான்.

பெண் வார்டருக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் இந்திராணி என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னும் என்னைச் சோதனை போட்டிருக்கிறார். சிடுசிடுப்பு இல்லாத ஆள். துண்டை எடுத்தார், முடிச்சைப் பார்த்தார்.

"இது என்ன பிள்ள?"

"குலதெய்வம் கோயில் முடிச்சுக்கா. விபூதி. அவுக்கக் கூடாது."

"எந்தப் பக்கம் கோயிலு?"

"உசிலம்பட்டிப் பக்கம்."

"எங்காத்தா பொறந்ததும் அங்கிட்டுத்தான்" என்றார். முடிச்சைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கால் செருப்பைக் கழற்றித் தள்ளி விட்டார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். உதடு அசைந்தது, ஏதோ வேண்டிக்கொண்டார். பிறகு மூடின துண்டை அவரே மேலே போட்டுப் பையைக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்கூட நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். "வேண்டாங்கக்கா" என்று ஒரு சொல் போதும். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே அன்று வேறு தலைமை வார்டர். முடிச்சை வாங்கினார், ஒன்றும் கேட்கவில்லை, பிளேடால் நூலை அறுத்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன், "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, தெரியாதுய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதன் பிறகு போலீசில் நான் சொன்னதெல்லாம் அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னதுதான்.

ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது என் வாழ்க்கையிலேயே பெரிய வேண்டுதலை வேண்டினேன். தாயே, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரையும் நம்ப வை. அந்த வேண்டுதலின் அசிங்கம் அப்போது எனக்குப் புரியவில்லை. பொய்யை மெய்யாக்கித் தா என்று சாமியிடமே கேட்டிருக்கிறேன்.

அம்மா காய்ச்சலோடு வந்து, தெரிந்தவர்கள் காலில் விழுந்து ஜாமீனில் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வழக்கு முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனியாபுரத்துத் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும். "கோயிலுக்குப் போனவ வந்துட்டா" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை, அம்மாவின் குடம் நிரம்பாமல் அவள் வரிசையை விட்டு நகர்ந்ததைப் பார்த்ததுதான் தாங்கவில்லை.

எங்கள் வக்கீல் கெட்டிக்காரர், அன்பாகவும் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அம்மா முடிச்சக் கையில வாங்குச்சா?" என்றார். வாங்கினார் என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நீ குடுத்தது விபூதி முடிச்சு. திருப்பி வந்தது வேற முடிச்சு. கையில இருந்த நேரத்துல மாறிப்போச்சு. இதைச் சொன்னா நீ வெளிய. வேலையும் போகாது."

"அந்த அக்காவுக்கு?"

"அது அவங்க பாடு. ஏற்கெனவே நிறுத்தித்தான வச்சிருக்காங்க."

நான் சரி என்று தலையாட்டினேன். மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், பல நாளுக்குப் பிறகு வயிறு நிறைய.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வண்டியூர் போனேன். தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லை, நடுவில் இருக்கும் மண்டபத்தைச் சுற்றிப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். வக்கீல் சொல்வது பலிக்க வேண்டும், மாவிளக்கு எடுக்கிறேன், என் முடியைத் தருகிறேன் என்று ஒவ்வொன்றாக வரிசை வைத்து வேண்டிக்கொண்டு திரும்பினால், தூணோரம் இந்திராணி அக்கா நிற்கிறார். யூனிபாரம் இல்லாமல் பழைய சேலையில் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. அம்மன் காலடியில் வைத்துத் தரச் சொல்லிப் பூசாரியிடம் கொடுக்க நின்றிருந்தார்.

ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அவரே என் பக்கம் வந்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"பிள்ள, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த முடிச்சு நெசமாவே கோயில்ல வச்சு எடுத்ததா? நாங் கண்ணுல ஒத்திக்கிட்டேன். கோயிலுக்குப் போகாத முடிச்சுன்னா பரிகாரம் பண்ணணுமில்ல. பூசாரிகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

வேலை போனதைக் கேட்கவில்லை. என்னை ஏமாற்றினாயா என்று கேட்கவில்லை. கஞ்சாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பாவம் தன்னைச் சேருமா என்று கேட்டார். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

"தெரியலக்கா" என்றேன்.

அம்மன் முன்னால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். அவர் "சரி, விடு" என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போனார்.

நான் கோயில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. வேண்டுவதற்கு வாயைத் திறந்தால் முன்பு வேண்டியது எதுவும் வரவில்லை. அவரும் அதே தாயிடம் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்துவிட்டுப் போகிறார், நானும் கேட்கிறேன். இரண்டில் ஒன்றுதான் பலிக்க முடியும். எதை அவிழ்ப்பாள் அவள்? என் வேண்டுதல் பலித்தால் இப்படிப்பட்ட சாமியை நான் எப்படிக் கும்பிடுவது? நேர்ந்துகொண்டதை எல்லாம் அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். தாயே, என்னைத் தப்பிக்க வைக்காதே. என் வாயைத் திற. எனக்கு அந்தத் தைரியம் இல்லை, அதை மட்டும் கொடு என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போனதும் தைரியம் வந்துவிடவில்லை. வழக்கு நாள் நெருங்க நெருங்க, வக்கீல் சொன்னதையே சொல்லிவிடலாம் என்றுதான் மனம் போனது. அன்று காலை கோர்ட்டுக்குப் போகும்போதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

மதியத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லி, வக்கீல் வேறு கோர்ட்டுக்குப் போயிருந்தார். முன்னால் இருந்த வழக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போக, காலையிலேயே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூண்டில் ஏறினேன். சாட்சிகள் உட்காரும் இடத்தில் இந்திராணி அக்கா. மாஜிஸ்திரேட், உன் வக்கீல் வரட்டும், பிறகு கூப்பிடச் சொல்கிறேன் என்றார். நான் சும்மா இறங்கியிருக்க வேண்டியதுதான்.

என் வாய் பேசியது. அதைப் பேசியது நான் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

"அவர் வர வேணாம்யா. நான் ஒத்துக்கிறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, ஒத்துக்கொண்டால் தண்டனை வரலாம், ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம், தெரியுமா என்று விளக்கினார். தெரியும் என்றேன். உள்ளே கஞ்சா இருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"விபூதி இல்லைன்னு தெரியும்யா."

எப்படி என்றார். அமுக்கியதையும், பள்ளம் எழுந்ததையும் சொன்னேன். லேப்பில் வேலை பார்ப்பதையும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு, "அந்த அக்கா மேல தப்பு இல்லைங்கய்யா. அவுக்கக் கூடாதுன்னு சாமி பேரச் சொன்னது நான். அதனாலதான் அவங்க அவுக்கல" என்றேன். பஸ்ஸில் அந்த முடிச்சைத் தொட்டதிலிருந்து விரல் நுனியில் இருந்த ஒரு உணர்வு, அமுக்கினால் எழும்பும் அந்த உணர்வு, அன்றைக்குத்தான் போனது.

வக்கீல் வந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "நீயே உனக்கு எதிரா சாட்சி சொல்லிட்டியேம்மா" என்றார். இருந்தாலும் கடைசிவரை எனக்காகப் பேசியது அவர்தான். முதல் குற்றம், படித்த பெண், தானே ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். மாஜிஸ்திரேட் நன்னடத்தை அதிகாரியிடம் அறிக்கை கேட்டார். அந்த அம்மையார் எங்கள் தெருவுக்கு வந்து, தண்ணீர்க் குழாயடியிலேயே நின்று என்னைப் பற்றி விசாரித்தார். எங்களைப் பார்த்துச் சிரித்த அதே பெண்கள், நல்ல பிள்ளைதான், அண்ணன் பாசத்தில் புத்தி கெட்டுப் போனாள் என்று சொன்னார்களாம். தை மாதம் தீர்ப்பு. குற்றவாளிதான் என்று எழுதி, ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

நான் தப்பிக்க வை என்று கேட்டதை அம்மன் தரவில்லை. வாயைத் திற என்று கேட்டதைத் தந்தாள். வக்கீல் இல்லாத அந்தக் காலை நேரத்தை எனக்காகவே அவள் ஒதுக்கி வைத்தாள் என்று நம்புகிறேன். தற்செயல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. அந்தக் கூண்டில் நின்று பார்த்தால் தெரியும்.

தீர்ப்பு வந்த வாரம் இந்திராணி அக்கா வீட்டைத் தேடிப் போனேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருந்தது. வாசலில் நின்றே சொன்னேன்: "கோயிலுக்குப் போன முடிச்சு இல்லைக்கா. பாவம் உங்களைச் சேராது. நீங்க சாமின்னு நெனச்சுத்தான் ஒத்திக்கிட்டீங்க. பரிகாரம் நான்தான் பண்ணணும்."

அவர் உள்ளே கூப்பிடவில்லை. "இதை அன்னைக்கே கோயில்ல சொல்லியிருக்கலாமில்ல" என்றார். கதவைச் சாத்தவும் இல்லை. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

என்னைப் போல் எதையாவது மூடிக் கட்டி வைத்துக்கொண்டு, இதை யாரும் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும் சகோதரி இங்கே இருந்தால், அவளிடம் ஒன்று சொல்வேன். வேண்டுதலை மாற்றிப் பாருங்கள். மறைத்துக் கொடு என்று கேட்காமல், சொல்ல வை என்று கேளுங்கள். அவள் கேட்பாள். பயமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கூடவே நிற்பாள்.

இப்போது நிலைமை இது. பத்திரத்தின் கெடு இன்னும் முடியவில்லை, மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரி முன்னால் போய் நிற்கிறேன். ஆஸ்பத்திரி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு சின்ன லேப்பில் சேர்ந்திருக்கிறேன். சேரும்போதே நடந்ததைச் சொல்லிவிட்டேன். இந்திராணி அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் என்னோடு பேசுவதில்லை. அண்ணன், வேலு பெயரைத் தானாகவே சொல்லிவிட்டான். அதற்கும் உள்ளே அடி வாங்கினான், பிறகு அவனை வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள். அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். என்னை உள்ளே விடுவதில்லை. அம்மா மட்டும் மனு பார்க்கப் போகிறாள், அக்கம்பக்கத்தில் மனு பார்க்கப் போவதாகவே சொல்லிவிட்டுத்தான். அவள் கொண்டு போகும் பையை நான் அடுக்கிக் கொடுக்கிறேன். வண்டியூர் விபூதியும் வைக்கிறேன், முடிந்து வைப்பதில்லை. விரித்த இலையில் வைக்கிறேன்.